கண்ணாடிக்குப் பின்னே ஒரு முகம்

1983 யூலை வன்செயலில் வெள்ளவத்தை வீட்டையும் கணவரையும் இழந்த அம்மையார் ஒருவர் இன்று கொட்டாஞ்சேனையில் வாழ்கிறார். அவரிடம் எஞ்சியது கணவரின் படமொன்று மட்டுமே.

அதற்குப் பிரதி எடுக்கச் சென்றோம். ஈரம் ஊறிப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. பிரித்தால் முகம் கிழியும். கமராவிலோ யன்னலின் ஒளியே தெரிந்தது.

வில்லையின் முன் ஹூட் என்னும் மறைப்பை மாட்டினோம். பக்கத்திலிருந்து வில்லைமேல் விழுந்த ஒளி நின்றது, வெளிறல் குறைந்தது. ஆயினும் கண்ணாடியின் தெறிப்பு நீங்கவில்லை. போலரைசர் வடியைப் பொருத்தி, நேரெதிரிலிருந்து ஏறக்குறைய 56 பாகை விலகி நின்று, அதனை மெல்லத் திருப்பினோம். யன்னல் மறைந்தது, முகம் தோன்றியது.

“இவர்தான்” என்றார் அம்மையார்.

அவ்வழிவைப் பற்றி எத்தனையோ பெருஞ்சொற்கள் பளபளத்துவிட்டன. அவற்றை விலக்கிப் பார்த்தாலன்றி, மாண்டவரின் முகம் நமக்குத் தெரியாது.