கடைசியா மடிஞ்சது முதல்ல நிமிரோணும்

2023 மழைகாலம். வாழைச்சேனையில ஒரு கலியாண வீட்டுக்குப் போயிட்டு இரவு திரும்பி வாறம். சித்தாண்டி தாண்டி மாவடிவேம்புக்குக் கிட்ட வரக்குள்ள நடு றோட்டில மாடு. ஏ-15 வீதியில இரவில ஓடுற யாருக்கும் இது புதுக்கதை இல்ல. வயல் விதைச்ச காலத்தில மாடுகளுக்குப் படுக்க மிஞ்சுறது தார் றோட்டுத்தான். பிறேக் பிடிச்சும் இடப்பக்க முன்மூலை மோதிட்டு. மாடு எழும்பி நடந்து போயிற்று. எங்கட மாருதி 800 முகம் சப்பளிஞ்சு நிண்டது.

ஓடினது அண்ணன். ஆனா 'மெதுவாப் போ' எண்டு சொல்லாம, பாட்டைக் கூட்டி வச்சிட்டு இருந்தது மற்ற ரெண்டு பேரும். அதனால இந்தக் கதை முழுக்க 'நாங்கள்'தான்.

அந்தக் காரிலதான் அப்பா ஹயர் ஓடுவார். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு கிளினிக் போற வயசானவங்க, கம்பஸ் விடுதிக்குப் பொதியோட வாற பிள்ளைகள், அவ்வளவுதான் வீட்டு வருமானம். காப்புறுதி மூன்றாம் தரப்பு மட்டும். எங்கட சேதத்துக்கு ஒரு சதமும் வராது. 2020 மார்ச்சில நிறுத்தின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலதான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. இடையில பழைய கார்களின் விலையே எட்டாத உயரத்தில நிண்டது. இன்னொரு கார் எண்ட பேச்சுக்கே இடமில்ல.

ஒரு கராஜில கேட்டம். “தட்டி, பட்டி வச்சு, பெயின்ற் அடிச்சுத் தாறன். இடிபட்டது தெரியவே தெரியாது” எண்டார் அவர். சொன்ன காசு கையில இல்ல. பட்டிதானே, அதை நாங்களே வைப்பம் எண்டு வீட்டுக்கு வந்திட்டம். அப்பா ஒண்டும் சொல்லல. ஏசியிருந்தாலும் பரவாயில்ல.

அடுத்த நாள் மாமரத்துக்குக் கீழ வேலை தொடங்கிச்சு. பற்றறி வயரைக் கழட்டி, இடப்பக்க மட்காட்டின் போல்ட்டுகளை எடுத்து, தகட்டைச் சாக்கில கவுத்துப் போட்டம். பள்ளத்தின் ஆழமான இடத்தைப் பாத்து உள்ளுக்கிருந்து சுத்தியலால ஓங்கி அடிச்சம். பள்ளம் போகல்ல. அதுக்கு நடுவில ஒரு மூக்கு முளைச்சது. தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் இல்ல. ஓங்கி அடிக்க அடிக்க அது மெலிஞ்சு விரியும். விரிஞ்ச தகடு பழைய இடத்தில அடங்காது.

சத்தம் கேட்டு அடுத்த வளவு மாமா வந்தார். கனகாலம் கராஜில வேலை செய்தவர்.

“என்ன மனே, ஆழத்திலயா அடிக்கிற? முதல்ல எது மடிஞ்சது, கடைசியா எது மடிஞ்சது எண்டு பாரு. கடைசியா மடிஞ்சது முதல்ல நிமிரோணும்.”

மாடு பட்ட இடம் ஒண்டுதான். அந்த அடி பரவிப் போய்ச் சுத்திவர வரம்பு மாதிரி மேடுகளை எழுப்பியிருந்தது. பெயின்ற் கோடு கோடா வெடிச்சிருந்தது அந்த மேடுகளிலதான். மடிஞ்ச இடத்தில இரும்பு இறுகிப் போகும். மற்றப் பெரும்பகுதி மடியவே இல்ல. இறுகின வரம்புகள் பிடிச்சு வச்சிருக்கிறதால உள்ளுக்கு நிக்குது. வரம்பை விடுவிச்சா அது தானாகவே வெளிய வரப்பாக்கும்.

மாமா எங்கட பழைய கடைத் தராசின் 2 கிலோ படிக்கல்லைக் கேட்டு வாங்கினார். அதைப் பள்ளத்துக்குப் பின்னால அழுத்திப் பிடிச்சு, முன்னால மேட்டில மெல்லமாத் தட்டினார். கல்லுக்கு நேரே இல்ல, கொஞ்சம் தள்ளி. மேடு இறங்க இறங்க, பின்னால கல் தள்ள, பள்ளம் எழும்பிச்சு. கல்லுக்கு நேரே தட்டினா ரெண்டு இரும்புக்கும் நடுவில தகடு நசிஞ்சு விரியும். முதல் நாள் நாங்கள் ஓங்கி அடிச்சு விரிச்சது போதும். வெளி ஓரத்திலிருந்து உள்ளுக்கு, நூறு சின்னத் தட்டு. கண்ணை நம்பாம, துணி சுத்தின உள்ளங்கையால நீளமாத் தடவிப் பாக்கச் சொன்னார். ரெண்டு நாளில மட்காட் மட்காட் மாதிரி வந்திற்று. மிச்சத்துக்குப் பட்டி, அதுவும் 3 மில்லிமீற்றருக்குள்ள. கடல் காத்து பக்கத்தில, வெறும் தகடு கெதியாத் துரு ஏறும் எண்டு அண்டைக்கே பிறைமரும் அடிச்சம்.

நாங்கள் கொண்டாடத் தொடங்க, மாமா அளவு நாடாவைக் கேட்டார். மாருதிக்கு லொறிக்கு மாதிரித் தனிச் சட்டம் இல்ல, உடம்பேதான் சட்டம். பொனட்டைத் திறந்து, இடப்பக்க அப்சோபர் மேல்போல்ட்டிலிருந்து வலப்பக்க முன்மூலைக்கு ஓர் அளவு. அங்கிருந்து இங்க மற்ற அளவு. ரெண்டும் ஒண்டாத்தான் இருக்கோணும். 12 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தது. குனிஞ்சு பாத்தா உள்பக்கச் சட்டத்தில ஒரு சின்னச் சுருக்கம்.

காரின் முன்பக்கம் மடியிறதுக்கெண்டே செய்யிறது. பெலா பரேனி எண்ட பொறியியலாளர் 1951இல மெர்சிடிஸ் பென்ஸுக்காகக் காப்புரிமைக்கு விண்ணப்பிச்ச யோசனை அது: முன்னும் பின்னும் நசுங்கி அடியை வாங்கோணும், ஆக்கள் இருக்கிற கூடு நசுங்கக் கூடாது. ஒருக்கா மடிஞ்ச சட்டம் அடுத்த அடியை அதே மாதிரி வாங்கும் எண்டு நம்பேலாது. டயரும் ஒரு பக்கமாத் தேயும். படிக்கல்லும் மாமரமும் இதுக்குப் போதாது. நாலு பக்கமும் இறுக்கிப் பிடிச்சு இழுக்கிற மெசின் வேணும்.

மட்காட்டைப் பூட்டினா ஒருவருக்கும் தெரியாது. அண்ணன்தான் அண்டிரவு சொன்னான்: “அப்பா, உள்ளயும் வளைஞ்சிருக்கு.” அப்பா எழும்பிப் போய் டோர்ச் அடிச்சுப் பாத்தார். மறுகா அம்மாவைப் பாத்தார். அம்மாவின் ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போனது. கார் மெசினில ஏறி நேராகி வந்தது. அண்ணன் மேசன் வேலைக்குப் போய் நாலு மாசத்தில காப்பை மீட்டான்.

வீட்டில செய்யலாமா எண்டு கேக்கிறவங்களுக்கு எங்கட பதில்: கழட்டக்கூடிய தகடு எண்டா செய்யுங்க, பொறுமையா. ஆனா பட்டி எடுக்க முதல் நாடாவை எடுங்க.

போன மாசம் ஒருத்தர் காருக்கு விலை கேட்டு வந்தார். கையில சின்னக் காந்தம். பட்டி கனமா இருந்தா காந்தம் ஒட்டாது. அவர் அதை வெளிய எடுக்க முதலே அப்பா இடப்பக்க மட்காட்டில கையை வச்சு மாட்டுக் கதையைத் தொடங்கிட்டார். பின்னேர வெயிலில அந்த இடத்தில ஒரு மெல்லிய அலை இன்னும் தெரியுது. அவர் வாங்கல. அடுத்த நாள் விடிய அப்பா வழக்கம் போல கிளினிக்குக்கு ஆக்களை ஏத்திக்கொண்டு போனார்.