ஏற்றிய ரத்தம்

2018 டிசம்பர் கடைசியில் எனக்கு ஏழாம் மாதம். உடம்பில் ரத்தம் போதவில்லை, ஏற்ற வேண்டிவரும் என்று நர்சம்மா சொல்லியிருந்த நேரம். அப்போதுதான் சாத்தூர் செய்தி வந்தது. எங்கள் மாவட்டத்திலேயே, அரசு ஆஸ்பத்திரியில், என்னைப்போல ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்த ரத்தத்தை ஏற்றிவிட்டார்கள்.

சோழபுரத்தில் அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது. “உசுரே போனாலும் ஊசி குத்த விடமாட்டேன்” என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மாமியார் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டும் என் வீட்டுக்காரர், கடன் வாங்கியாவது தனியாரிடம் போவோம் என்றார். நான் தூங்கவில்லை. வயிற்றைத் தடவியபடி அந்தப் பெண்ணையே நினைத்துக் கிடந்தேன்.

ரத்தம் கொடுத்தவன் பத்தொன்பது வயதுப் பையன். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில்தான் தனக்குத் தொற்று இருப்பது அவனுக்கே தெரிந்தது. உடனே தானாகவே போய் ரத்த வங்கியில் சொன்னான். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு முகாமில் அவன் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று தெரிந்திருக்கிறது. அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்த டிசம்பர் முடியும் முன் விஷம் குடித்து இறந்துபோனான். அத்தனை பேரில் உண்மையைத் தேடி வந்து சொன்னவன் அவன் ஒருவன்தான். பேப்பரில் படித்தபோது பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி அழுதேன்.

எனக்கும் கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில்தான் ரத்தம் ஏற்றினார்கள். பையை வாங்கி, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்த பிறகே கையை நீட்டினேன். நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. சாத்தூர் பெண்ணின் குழந்தைக்கும் தொற்று இல்லை என்று பிறகு தெரிந்தது.

2019 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது. குழாயடியில் ஒருத்தி, “அதிர்ஷ்டக்காரி” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சொல்லை எப்படி வாய்கூசாமல் சொல்ல முடிந்தது?

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த பெரியப்பாவிடம் போய்க் கொட்டினேன். அவர் பீகாரில் ருதுல் சா என்பவரைப் பற்றிச் சொன்னார். கோர்ட் விடுதலை செய்த பிறகும் 14 வருஷம் சிறையில் கிடந்தவர். 1983இல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. அதுவரை இப்படிப்பட்ட ஆளை, போய் சிவில் கோர்ட்டில் வழக்குப் போடு என்றுதான் அனுப்புவார்களாம். “நிவாரணம்னா அரசாங்கம் மனசு வச்சுக் கொடுக்கிறது. கோர்ட் கட்டச் சொல்ற இது அப்படியில்ல. உன் உயிரைக் காக்க வேண்டிய நாங்களே அதைக் கெடுத்தோம்னு ஒத்துக்கிட்டுக் கட்டுற பணம்.”

“அப்ப அந்தப் பையன் வீட்டுக்கு, பெரியப்பா?”

“அவனுக்கும் சொல்லாமத்தானே விட்டாங்க? அவங்களும் கேட்கலாம் தாயி. கேட்கணும்.”