கிணற்று முறையும் கணினிப் பின்னலும்

முறை என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். அரசன் நீதி வழங்குதலை முறை செய்தல் என்றனர் முன்னோர். 'அவர் உனக்கு என்ன முறை வேண்டும்?' என்று எங்கள் பக்கத்தில் வினவினால், உறவு யாது என்பது பொருள். கிணற்று மேட்டில் நின்று 'இன்றைக்கு யார் முறை?' என்றால், நீர் இறைக்கும் உரிமை இன்று எவர்க்கு என்பது பொருள். நீதியும் உறவும் வரிசையும் ஒரே சொல்லில் குடியிருப்பதை யான் தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்த பின்னரே கவனித்தேன். ஆங்கிலத்தார் 'ஸ்கெட்யூலிங்' என்பதற்கு இதனினும் பொருந்திய சொல் நம்மிடம் இல்லை என்பது என் எண்ணம். ஆதலின் ஈண்டு அதனை முறைவைப்பு என்றே வழங்குவேன்.

தமிழ் பயில்வானுக்குக் கணினியில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். என் தமக்கையார் ஒரு பொறியியற் கல்லூரியில் முதுநிலை வகுப்பில் பயில்கின்றார். விடுமுறை நாட்களில் அவர் தம் துறையைச் சொல்லச் சொல்ல, யான் கேட்டும் படித்தும் அறிந்தனவே இவை. பிழையின்றிச் சொல்லியிருக்கின்றேனா என்று அவரே ஒருமுறை படித்தும் பார்த்தார்.

கணினிப் பின்னலை ஆங்கிலத்தில் 'கிரிட்' என்பர். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நிறுவனங்களுக்கு உரியனவாய், வெவ்வேறு வகையினவாய்க் கிடக்கும் கணினிகளை ஒன்றாகப் பிணைத்து, உறுப்பினர் ஒருவர் ஒப்படைக்கும் வேலை எங்கே இடம் உள்ளதோ அங்கே சென்று நடைபெறச் செய்யும் ஏற்பாடு அது. இயன் பாஸ்டர், கார்ல் கெசல்மன் என்னும் இருவர் 1998-ல் தொகுத்து வெளியிட்ட நூலால் இப்பெயர் எங்கும் பரவியது. அவர்கள் அதனை மின்சாரத்தினின்று இரவல் பெற்றனர். சுவரிற் செருகியவுடன் மின்சாரம் வருவதுபோலக் கணிக்கும் ஆற்றலும் வரவேண்டும் என்பது அவர்தம் அவா.

சேலம், நாமக்கல் பக்கத்தார்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். பைகாராவில் 1932-லும், எங்கள் மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் தொடங்கிய புனல் மின் நிலையங்கள் பின்னர் ஒரே கம்பித் தொகுப்பில் இணைந்தன. எந்த அருவியால் எந்த வீட்டு விளக்கு எரிகின்றது என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் உவமை ஓரளவே செல்லும். மின்சாரம் எங்கிருந்து வரினும் ஒரு தன்மைத்து. கணினி வேலையோ, 'எனக்கு இத்தனை நினைவகம் வேண்டும், இன்ன மென்பொருள் வேண்டும், என் தரவுகள் இன்ன ஊரில் உள்ளன' என்று பல நிபந்தனைகளோடு வந்து நிற்கும். அதற்கேற்ற இடம் தேடித் தருதல் ஒரு தனிக் கலை.

யான் இதற்கு வேறோர் உவமை கொண்டேன். மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாட்கள் நீர் விடுவர். ஏறத்தாழ 45,000 ஏக்கர் பாயும். மதகைத் திறப்பதும் அடைப்பதும் அரசினர் கையில். ஒரே நிறுவனத்தின் ஒரே கூடத்திலுள்ள கணினிக் கூட்டம் இத்தகையது. ஆணையிடுவார் ஒருவர் உளர். பின்னல் அத்தகையதன்று. அது பங்குக் கிணற்றை ஒத்தது. கிணறு பொது, நிலம் அவரவர்க்குரியது, எவரும் எவர்க்கும் அதிகாரியல்லர். சி-டாக் நிறுவனம் 'கருடா' என்னும் பெயரால் 17 நகரங்களில் 45 நிறுவனங்களை இணைத்தபொழுது, ஒவ்வொரு நிறுவனத்திலும் அதனதன் முறைகாரன் இருந்தான். மேலேயிருந்த பெருமுறைகாரன் வேண்டிக்கொள்ளலாம், கட்டளையிடல் இயலாது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தின் தரவுகளை 40-க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 நிலையங்கள் பகிர்ந்து ஆராய்கின்றன. மும்பையும் கொல்கத்தாவும் அவற்றுள் அடங்கும். அங்கும் இந்நிலையே.

நிற்க. எங்கள் கிணற்றைச் சொல்லுகின்றேன். நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே, கொல்லிமலை கிழக்கே தெரியும் சமவெளியில் எங்கள் ஊர் உள்ளது. கல் கட்டிய கிணறு. நான்கு குடும்பத்தார்க்குப் பங்கு. எருது பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் நாட்கணக்காக இருந்த முறை, மோட்டார் வந்த பின் மணிக்கணக்காயிற்று. அம்மணியும் கடிகார மணியன்று, மும்முனை மின்சாரம் வந்த மணி. நள்ளிரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் வந்து நின்றால், எஞ்சிய நேரம் மறுநாள் அவர் கணக்கிலேயே தொடரும். ஞாயிறு காலை எங்கள் முறையாயின் ஆராதனைக்குப் போகவேண்டி, வெள்ளிக்கிழமைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்வோம். முன்பதிவு என்று இதற்கும் கணினி நூலில் ஓர் அத்தியாயம் உண்டு என்றார் தமக்கையார்.

வந்த வரிசைப்படியே இடம் தருவது எளிய முறைவைப்பு. அதில் உள்ள குறை கணக்கால் விளங்கும். நூறு செயலிகள் உள்ள ஒரு நிலையத்தில் அறுபது இன்னும் நான்கு மணி நேரம் வேலையில் உள்ளன. வரிசையில் முதல்வர் எண்பது கேட்கின்றார். அவர் நான்கு மணி நேரம் காத்திருக்கவேண்டும். அதுவரை நாற்பது செயலிகள் வாளாவிருக்கும். பின்னால் நிற்கும் ஒருவர்க்கு முப்பது செயலிகள் இரண்டு மணி நேரம் கிடைத்தாற் போதும். அவரை இடையே விட்டால் முதல்வர்க்கு ஒரு நொடியும் தாமதமில்லை. இதுவே இடைநிரப்பல். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் 1990-களின் நடுவில் இதனைச் சீராக அமைத்து நடத்தினர். மிகுதியாகப் பயன்படுத்தியவர் வரிசையில் இறங்கவும், காத்துக்கிடந்தவர் ஏறவும் செய்யும் வேறொரு விதியை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் அதற்கு முன்பே 1980-களில் வகுத்திருந்தனர். ராஜ்குமார் புய்யா என்பார் 2002-ல் மோனாஷ் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆராய்ச்சியுரையில் சந்தை வழியைக் காட்டினார்: முடிக்கவேண்டிய நாளையும் தரக்கூடிய பணத்தையும் வேலையாளர் சொல்ல, விலை பேசி இடம் பெறுவது. அது திறமையான வழி என்பதில் ஐயமில்லை. பணமில்லாதவர் அதில் எங்கே நிற்பர் என்பதே எனக்குத் தோன்றும் ஐயம்.

இடைநிரப்பலின் உயிர் ஒரு சொல்லில் இருக்கின்றது: 'எனக்கு இத்தனை நேரம் போதும்' என்று வேலை கொடுப்பவர் முன்னரே சொல்லும் சொல். இரண்டு மணி என்று சொல்லி நுழைந்தவன் ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் முதல்வர்க்கு அநீதி. ஆதலின் சொன்ன நேரம் கடந்தால் வேலை அறுக்கப்படும். என் தமக்கையார்க்கு இது நேர்ந்தது. நாற்பது மணி நேரம் போதும் என்று எழுதிக் கொடுத்தார். நாற்பதாம் மணியில் கணிப்பு அறுந்தது. எஞ்சியிருந்தது அரைமணி நேர வேலையே. மறுமுறை அஞ்சி எண்பது என்று எழுதினார். அத்துணை நீண்ட வேலை எந்த இடைவெளியிலும் அடங்காமல் ஒன்பது நாள் வரிசையிற் கிடந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அப்பொழுது பன்னிரண்டு நாட்களே இருந்தன. அவ்வாரம் அவர் வீட்டில் எவரோடும் பேசவில்லை.

எல்லாரும் உள்ளபடி சொன்னால் எல்லாம் சீராகும் என்று யான் முதலில் எண்ணினேன். அதனை அவர் மறுத்து, எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சியை எடுத்துக்காட்டினார். மெய்யான நிலையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்த அவர்கள், பயனாளர் நேரத்தை மிகைபடக் கூறுதலே வழக்கம் என்று கண்டனர். அதனினும் வியப்பு, அம்மிகையால் முறைவைப்பு கெடாமல் சில வேளை மேம்பட்டது என்பது. எண்பது என்று சொன்ன வேலை நாற்பதில் முடிந்தால், எதிர்பாராத பெரிய இடைவெளி ஒன்று திறக்கின்றது. சிறு வேலைகள் பல அதில் ஓடிப் புகுந்து முடிந்துவிடுகின்றன.

இதைக் கேட்டபொழுது எனக்கு என் பாட்டனார் நினைவு வந்தது. எங்கள் கிணற்றின் கடைசிப் பங்கு, அரைக்கால் பங்கு, கைம்பெண் ஒருவருடையது. என் தந்தையார்க்குச் சித்தி முறை. அவர் மிளகாய், கத்தரி நாற்று விட்டு விற்றுப் பிழைப்பவர். நாற்றங்காலுக்கு நாள்தோறும் சிறிது நீர் வேண்டும். முறையோ வாரத்தில் ஒருநாள் வந்து கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் நீர் குறையும்பொழுது, பங்கு மட்டும் பாராமல் அவரவர் பயிருக்கு எத்தனை மணி வேண்டும் என்று கேட்டே முறை வைப்பர். எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டுக்கு ஐந்து மணி நேரம் போதும். பாட்டனார் எப்பொழுதும் ஆறு என்றே சொல்லிவந்தார். ஐந்தில் மடையை அடைத்துவிட்டு, 'சின்னம்மிணி, தண்ணி மிச்சங் கெடக்குது, வீணாப் போவுது பாரு' என்று குரல் கொடுப்பார். பாட்டியார் இதனை எங்களுக்குச் சொன்னது அவர் மறைந்த பின்னரே. தானம் என்று கொடுத்திருந்தால் அப்பெண்மணி வாங்கியிருக்கமாட்டார் என்பதையும் சொன்னார்.

பாட்டனார்க்குப் பின் என் பெரிய தந்தையார் முறையை ஏற்றார். அவர் நேர்மையே உருவானவர். கைப்பேசியில் மணி வைத்து, ஐந்து மணிக்கு ஐந்து என்றே கேட்டார். மிச்சமான ஒரு மணி, வரிசைப்படி அடுத்த பங்காளியின் கரும்புக்குப் போயிற்று. ஒருவரும் பிழை செய்யவில்லை; கணக்கில் ஒரு நிமிடம் வீணாகவில்லை. அந்த ஆண்டு நாற்றங்கால் காய்ந்தது. பாட்டனார் கூறியது பொய்யா என்று யான் தமக்கையாரை வினவினேன். அவர் நெடுநேரம் சும்மா இருந்து, 'கணினிக்கு அந்த வேறுபாடு தெரியாது' என்றார். யான் பாட்டனார் பக்கமே நிற்கின்றேன். ஆயினும் தமக்கையார் ஒன்பது நாள் காத்துக்கிடந்ததற்கு, அவரைப் போலவே அஞ்சி வேறு எத்தனை பேர் எண்பது என்று எழுதியதும் காரணமாயிருக்கலாம் அன்றோ?

இப்பொழுது அக்கிணற்றில் நீரில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்து சென்ற பின், எங்கள் ஊரில் வசதியுள்ளோர் ஆளுக்கோர் ஆழ்துளைக் கிணறு வைத்துக்கொண்டனர். முறை என்னும் பேச்சே ஒழிந்தது. கணினி உலகிலும் செர்ன் போன்ற பெரும்பின்னல் நிலைத்திருக்க, ஏனையோர் பெரும்பாலும் மேகக் கணிமை என்று பெருநிறுவனங்களிடம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கின்றனர். அந்நிறுவனங்களின் கூடங்களுக்குள் முறைகாரன் இன்றும் உள்ளான். ஆனால் உடையவர் ஒருவரே.

அச்சிறிய பாட்டியார்க்கு ஆழ்துளைக் கிணறு இல்லை. என் பெரிய தந்தையாரிடமே மணிக்கு விலை பேசி நீர் வாங்குகின்றார். சென்ற தை மாதம் யான் அங்குச் சென்றபொழுது மிளகாய் நாற்று பசுமையாகவே இருந்தது. அவர் வாங்கிய மணிகளை எழுதிய தாள் ஒன்று பம்பு செட்டுக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது. அதில் சில வரிகளுக்கு நேரே தொகை எழுதாமல் விட்டிருந்தது. அது மறதியா வேறா என்று யான் எவரையும் கேட்கவில்லை.