ஒரு கீ போனால் பாதி கம்ப்யூட்டர் போச்சு!

"காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல, நல்லதா பார்த்து வாங்கு." வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி எல்லோர் மனதிலும் பதிந்துபோன கணக்கு இது. மிக்ஸி வாங்கினாலும் சரி, செருப்பு வாங்கினாலும் சரி... மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்து இரண்டே மாதத்தில் தூக்கிப் போடுவதை விட, கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பல வருஷம் உழைக்கும். பெரும்பாலான நேரம் சரியாக வருகிற கணக்குதான். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தக் கணக்கு எங்கே உதைக்கும் என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. உலகத்தின் பெரும் பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று, தன்னுடைய விலை உயர்ந்த லேப்டாப்பில் ஒழுங்காக ஒரு கீபோர்டு வைக்க முடியாமல் ஐந்து வருஷம் திண்டாடிய கதை.

2015 மார்ச் மாதம் ஆப்பிள் நிறுவனம் 12 அங்குல மேக்புக் ஒன்றை அறிமுகம் செய்தது. ஆரம்ப விலை 1,299 டாலர். கனம் 13.1 மில்லிமீட்டர்தான். இவ்வளவு ஒல்லியாக ஒரு லேப்டாப் செய்ய வேண்டுமானால் உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் ஒல்லியாக வேண்டும் இல்லையா? கீபோர்டையும் விட்டுவைக்கவில்லை.

சாதாரண லேப்டாப்பில் ஒரு கீயைக் கழற்றிப் பார்த்தால் அடியில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் கத்தரிக்கோல் மாதிரி குறுக்காக மாட்டியிருக்கும். அழுத்தினால் மடங்கும், விட்டால் எழும்பும். ஆப்பிள் அதை எடுத்துவிட்டு, பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி நடுவில் கீல் வைத்த ஒரு அமைப்பைக் கொண்டுவந்தது. பெயரே பட்டர்ஃபிளை கீபோர்டுதான். பழைய அமைப்பை விட 40 சதவீதம் மெலிசு என்று மேடையில் பெருமையாகச் சொன்னார்கள். கீ கீழே இறங்குகிற தூரம் சுமார் அரை மில்லிமீட்டர். 2016 அக்டோபரில் இதே அமைப்பின் அடுத்த வடிவம் மேக்புக் ப்ரோவுக்கும் வந்தது. கூடவே விலையும் ஏறியது. அதற்கு முன் 1,999 டாலரில் ஆரம்பித்த 15 அங்குல மாடல், இப்போது 2,399 டாலரில் ஆரம்பித்தது.

பிரச்சனை என்னவென்றால், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு பிஸ்கட் தூள் போய் உட்கார்ந்தால் போதும், கதை முடிந்தது. கீ அழுந்தாது. அழுந்தினால் எழுத்து வராது. வந்தால் இரண்டு தடவை வரும். கட்டுரை எழுதுகிறவர், ப்ரோக்ராம் எழுதுகிறவர், படம் எடிட் செய்கிறவர் என்று லேப்டாப்பை வைத்தே பிழைப்பு நடத்துகிறவர்கள்தான் ப்ரோ மாடலை அதிகம் வாங்குகிறார்கள். அவர்களுக்கு ஒரு 'e' வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும்? இங்கிலீஷில் அதிகம் வருகிற எழுத்தே அதுதான்!

இதற்கு ஆப்பிள் கொடுத்த வைத்தியம் என்ன தெரியுமா? லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, டின்னில் அடைத்த காற்றைக் கீபோர்டு மேல் இடவலமாக அடிக்க வேண்டும். பிறகு வலது பக்கம் திருப்பி ஒரு தடவை, இடது பக்கம் திருப்பி ஒரு தடவை. ஏதோ குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கிற மாதிரி இருக்கிறதா? நிஜமாகவே அவர்களுடைய உதவிக் குறிப்பில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள் :-)

அதிலும் சரியாகாவிட்டால் சர்வீஸ் சென்டர். இங்கேதான் நிஜமான வேதனை ஆரம்பிக்கிறது. முன்னெல்லாம் கீபோர்டு கெட்டால் ஸ்க்ரூவைக் கழற்றி வேறு கீபோர்டு மாட்டுவார்கள். இதில் அந்த வழி இல்லை. கீபோர்டு, அலுமினிய மேல்பாகத்தோடு ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டிருந்தது. அதே மேல்பாகத்தில்தான் பேட்டரியும் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஆக, ஒரு கீ போனால் கீபோர்டு, மேல்பாகம், பேட்டரி என்று மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. வாரண்டி முடிந்தவர்களுக்கு இந்தச் செலவு பல நூறு டாலர். சட்டையில் ஒரு பட்டன் அறுந்ததற்கு முழுச் சட்டையையும் மாற்றி, அதோடு பேண்டுக்கும் பில் போடுகிற கதை.

சரி, மாற்றினால் தீர்ந்ததா? அதுவும் இல்லை. பழுதான பட்டர்ஃபிளை கீபோர்டுக்குப் பதிலாக வருவது இன்னொரு பட்டர்ஃபிளை கீபோர்டு. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அதே சர்வீஸ் சென்டர், அதே வரிசை.

2018 மே மாதம் கலிஃபோர்னியாவில் இதற்காகக் கூட்டு வழக்கு தொடுக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஜூனில், ஆப்பிள் ஒரு இலவச சர்வீஸ் திட்டத்தை அறிவித்தது. வாங்கிய நாளிலிருந்து நான்கு வருஷம் வரை கீபோர்டை இலவசமாகச் சரிசெய்து தருவோம், ஏற்கெனவே காசு கட்டிச் சரிசெய்தவர்கள் திருப்பிக் கேட்கலாம் என்றார்கள். உலகம் முழுவதற்கும் பொருந்துகிற திட்டம். பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் பிரச்சனை "ஒரு சின்ன சதவீத" கீபோர்டுகளில்தான் இருக்கிறது என்று அப்போதும் சொன்னார்கள்.

2018 ஜூலையில் வந்த புது மாடலில் ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு மெல்லிய சிலிக்கோன் உறை இருந்தது. எதற்கு என்று கேட்டால், டைப் அடிக்கும்போது சத்தம் குறையத்தான் என்றார்கள். தூசி உள்ளே போகாமல் தடுக்கத்தான் அந்த உறை என்று அவர்களுடைய சொந்த சர்வீஸ் ஆவணமே சொன்னது பிறகு வெளியே வந்தது. தப்பு நடந்ததை ஒத்துக்கொள்ளாமல், அதே நேரத்தில் தப்பைச் சரிசெய்யவும் வேண்டும் என்றால் இப்படித்தான் சுற்றி வளைக்க வேண்டியிருக்கும்.

அந்த உறையும் முழுசாகக் காப்பாற்றவில்லை. 2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையில் ஜோனா ஸ்டெர்ன் ஒரு கட்டுரை எழுதினார். தன் லேப்டாப்பில் தகராறு செய்த எழுத்துக்களை எல்லாம் விட்டுவிட்டு அப்படியே வெளியிட்டார்! படிக்கிறவர்கள் தடுமாறட்டும், அப்போதுதான் புரியும் என்று. அந்தக் கட்டுரையில்தான் ஆப்பிளின் வருத்தமும் வந்தது. அதிலும் "சிலருக்கு" மட்டும்தான் பிரச்சனை, மற்றவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. 2019 மே மாதம் வந்த மாடலில் கீபோர்டின் பொருளை மாற்றினார்கள். ஆனால் விற்பனைக்கு வந்த அன்றைக்கே அந்த மாடலையும் இலவச சர்வீஸ் பட்டியலில் சேர்த்தார்கள். இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா?

கடைசியில் 2019 நவம்பரில் 16 அங்குல மேக்புக் ப்ரோ வந்தபோது பழைய கத்தரிக்கோல் அமைப்பு திரும்பி வந்தது. 2020 மே மாதத்துக்குள் எல்லா மாடலிலும் பட்டாம்பூச்சி பறந்துவிட்டது. வழக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2022 ஜூலையில் 5 கோடி டாலருக்குச் சமரசம். தப்பு எதுவும் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் ஆப்பிள் அதற்கு ஒத்துக்கொண்டது.

அந்தச் சமரசத்தில் பணம் பிரித்த விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றிரண்டு கீயை மட்டும் மாற்றியவர்களுக்கு 50 டாலர் வரை. மேல்பாகத்தை ஒரு தடவை மாற்றியவர்களுக்கு 125 டாலர் வரை. இரண்டு அல்லது அதற்கு மேல் மாற்றியவர்களுக்கு 395 டாலர் வரை. 'இரண்டு அல்லது அதற்கு மேல்' என்று ஒரு தனி வகுப்பே வைக்க வேண்டியிருந்தது என்றால், ரிப்பேர் செய்த பிறகும் எத்தனை பேர் திரும்ப வந்திருப்பார்கள்! அதுவும் அமெரிக்காவில் ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். மற்ற மாநிலங்களில் வாங்கியவர்களுக்கும் மற்ற நாடுகளில் வாங்கியவர்களுக்கும் இதில் ஒரு சென்ட் கிடையாது. அவர்களுக்கு இலவச சர்வீஸோடு சரி.

ஒரு கம்பெனி ஒரு தடவை சறுக்கியது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது. 2011ல் விற்ற 15, 17 அங்குல மேக்புக் ப்ரோக்களில் கிராஃபிக்ஸ் சிப் செத்துப்போய் திரையில் கோடு கோடாக வந்தது. சிப் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருந்ததால் முழு போர்டையும் மாற்ற வேண்டும். பலர் கைக்காசு போட்டு மாற்றினார்கள். 2014 அக்டோபரில் வழக்கு வந்தது, 2015 பிப்ரவரியில் இலவச ரிப்பேர் திட்டம் வந்தது. வாங்கி நாலு வருஷம் ஆன பிறகு! அதற்கும் முன்னால் 2008ல் என்விடியாவின் லேப்டாப் சிப்களில் பழுது கிளம்பியபோது ஆப்பிள், டெல், எச்.பி. என்று எல்லோருமே மாட்டினார்கள். ஆகவே பெயரை மாற்றினால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

விலை விஷயத்துக்கு வருவோம். 2012 வரைக்கும் வந்த பல மேக்புக் ப்ரோக்களில் அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினால், வெளியே மலிவாக வாங்கிய மெமரியை வாங்கியவரே மாட்டிக்கொள்ளலாம். 2012ல் வந்த ரெட்டினா மாடலில் மெமரியை போர்டோடு சால்டர் செய்துவிட்டார்கள். வாங்குகிற அன்றைக்கே முடிவு செய்ய வேண்டும், அவர்கள் சொல்கிற விலையைக் கொடுக்க வேண்டும். 8 ஜிபியை 16 ஆக்க அன்றைக்கு 200 டாலர். 2023ல் வந்த 14 அங்குல மேக்புக் ப்ரோவிலும் அதே 8 ஜிபியை 16 ஆக்க 200 டாலர்! பதினோரு வருஷம் சந்தையில் மெமரி விலை எவ்வளவோ ஏறி இறங்கியது, இந்த 200 மட்டும் அசையவில்லை. வேறு கடை இல்லாத ஊரில் டீ விலை மாதிரி. 2024 அக்டோபரில்தான் எல்லா மேக்கிலும் 16 ஜிபியை ஆரம்ப அளவாக்கினார்கள்.

நியாயமாகப் பேசினால் மறுபக்கமும் உண்டு. பட்டர்ஃபிளை கீபோர்டில் ஒரு தொந்தரவும் இல்லாமல் பல வருஷம் ஓட்டியவர்களும் நிறைய பேர். திரை, டச்பேட், அலுமினிய உடம்பு எல்லாம் அருமையாகத்தான் இருந்தன. பழசை விற்றாலும் நல்ல விலை கிடைக்கும். கொடுத்த காசுக்கு ஒன்றுமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கூடுதல் காசு கொடுக்கிறவர் திரைக்கும் அலுமினியத்துக்கும் மட்டும் கொடுப்பதில்லை. "ஏதாவது ஆனால் இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற நிம்மதிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். பிராண்டு என்பதே அந்த நம்பிக்கைதான். கீபோர்டு கெட்டது கூட மன்னிக்கக்கூடிய தப்பு, எந்த இன்ஜினியருக்கும் நடக்கும். "உங்கள் கையில் இருப்பது மட்டும்தான் கெட்டிருக்கிறது, மற்றவர்களுக்கு நன்றாகத்தான் ஓடுகிறது" என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அந்த நிம்மதியைக் கெடுத்தது. பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே டைப் அடித்தது நம்முடைய தப்போ என்று ஒவ்வொருவரும் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

தானாகத் திருந்தாத இடத்தில் சட்டம் வந்து கொஞ்சம் திருத்துகிறது. வெளியாளிடம் ரிப்பேர் செய்த ஐபோன், ஐபேடுகளைச் சரிசெய்து தர மாட்டோம் என்று குறைந்தது 275 பேரிடம் சொன்னதற்காக 2018ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற சட்டப்படி, 100 டாலருக்கு மேல் விலையுள்ள எலக்ட்ரானிக் பொருட்களுக்கு ஏழு வருஷத்துக்கு உதிரிபாகமும் ரிப்பேர் விவரமும் கொடுத்தாக வேண்டும். ஆப்பிளும் 2022ல் மேக்புக் உதிரிபாகங்களை வாடிக்கையாளர்களுக்கு நேரடியாக விற்க ஆரம்பித்தது. ஆனால் தொடக்கத்தில் மேக்புக் ப்ரோ பேட்டரி தனியாகக் கிடைக்கவில்லை. கீபோர்டோடு சேர்ந்த முழு மேல்பாகத்தையும் வாங்கினால்தான் பேட்டரி! முன்பு கீபோர்டு கேட்டால் பேட்டரியும் வந்தது, இப்போது பேட்டரி கேட்டால் கீபோர்டும் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் அடுத்த தடவை லேப்டாப் கடைக்குப் போகும்போது ப்ராசசர் என்ன, மெமரி எவ்வளவு என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு கீ போனால் எதை எல்லாம் மாற்ற வேண்டும்? பேட்டரி மட்டும் தனியாக மாற்ற முடியுமா, என்ன விலை? மெமரியைப் பிறகு கூட்டிக்கொள்ள முடியுமா? கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை. விலைப்பட்டியலில் இல்லாத விலை அந்த மூன்று பதிலிலும்தான் இருக்கிறது.