கிருஷ்ணகிரியிற் கண்ட கல்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரியை அணுகும்போது மொட்டைப் பாறைக் குன்றுகள் எதிர்ப்படுகின்றன. யாழ்ப்பாணத்துச் சமவெளியிற் பிறந்த எமக்கு அக்காட்சி பெருவிருந்தாயிற்று. ஆயினும் நாம் அங்கு சென்றது காட்சி காண்பதற்கன்று. அடுக்களை மேடைக்கேற்ற கல்லை அது பிறந்த இடத்திலேயே அறிந்துகொள்வதற்கு.

முன்பு நாம் செய்த பிழையே அதற்குக் காரணம். மனைவியார் கருங்கல் வேண்டுமென்றார். நாமோ வெண்சலவைக்கல்லின் அழகில் மயங்கி அதனையே பதிப்பித்தோம். ஓராண்டு கழியுமுன்னரே தேசிக்காய் பிழிந்த இடமெல்லாம் மெருகிழந்து தழும்பேறியது. அவர் எம்மைக் குறை கூறவில்லை. பழைய செய்தித்தாளை விரித்துத் தழும்புகளை மறைத்துவிட்டார். அதுவே எம்மை உறுத்தியது.

யாழ்ப்பாணத்தவர் இதனை முன்னரே உணர்ந்திருக்கலாம். நம் காலடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனைக் கரைத்ததாலேயே நிலாவரைக் கேணி உண்டாயிற்று. வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய சுண்ணாம்புக்கல்லே சலவைக்கல். மழைநீருக்கே கரையும் இனம் தேசிக்காய்ப் புளிக்கு ஈடுகொடுக்குமா?

கிருஷ்ணகிரியில் ஒரு கற்கூடத்திற் பாளங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. செந்நிறமும் சாம்பல் நிறமும் அலையலையாக ஓடும் ‘பாரடைசோ’ எம் கண்ணைக் கவர்ந்தது. மனைவியாரோ கைப்பையிலிருந்து தேசிக்காயையும், மஞ்சள் குழைத்த எண்ணெயையும் எடுத்து மாதிரித் துண்டுகளிற் பூசினார். கால்மணி நேரத்தின் பின் துடைத்தபோது, வெளிறிய கல்லொன்றில் மஞ்சட்கறை தங்கியது; கரிய கல் மாறவில்லை.

அருகில் நின்ற முதிய தொழிலாளி, “தண்ணி விட்டுப் பாருங்க ஐயா; கல்லு நிறம் கருத்தா, குடிக்குதுன்னு அர்த்தம்” என்றார். சில கற்களுக்குச் சாயமேற்றுவதுண்டு என்றும், அசெற்றோன் தோய்த்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் அது தெரிந்துவிடும் என்றும் கூறினார்.

ஊர் திரும்பி, மனைவியார் தெரிந்த கரிய கல்லையே உள்ளூர் வியாபாரிமூலம் பெற்றுப் பதித்தோம். பொருத்துவாய்களை அடுத்த ஓரங்கள் மட்டும் நீரை உறிஞ்சின. ஆகவே கல்லை நன்கு உலரவிட்டு, காப்புத் திரவத்தை மெல்லியதாகப் பூசி, பத்து நிமிடத்தின் பின் மிகுதியை முற்றாகத் துடைத்தோம். துடையாது விட்டால் மங்கலான படலம் படியும். அன்றும் மறுநாளும் மேடையைப் பயன்படுத்தவில்லை. இத்திரவம் கறை ஊறுவதைத் தாமதப்படுத்துமேயன்றி, சலவைக்கல்லைப் புளியிலிருந்து காப்பாற்றாது என்பதையும் மறத்தலாகாது.

அன்பர்களே, அடுக்களைக் கல்லை அங்கு சமைப்பவரே தெரிதல் வேண்டும். எம் வீட்டிற் செய்தித்தாள் இப்போது மேடையில் இல்லை. வாசிப்பதற்கு எம் கைக்கே வந்துவிட்டது.