பங்குனி ஆமைக்கு ஒரு காவல் நடை

தாராசுரத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் பூம்புகாரும் தரங்கம்பாடியும்தான். ஐராவதேசுவரர் கோயிலைப் பார்க்க வரும் உறவினர்களை மறுநாள் அங்கேதான் அழைத்துப் போவார்கள். அலையில் கால் நனைத்து, சுண்டல் சாப்பிட்டு, இருட்டியதும் பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால், அந்தக் கரைக்கு முக்கியமான விருந்தாளி வருவதே அதற்குப் பிறகுதான்!

பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி கடலாமைதான் அந்த விருந்தாளி. தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறும் தாய் ஆமை, பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம்போலக் குழி பறிக்கும். சுமார் நூறு முட்டைகள் இட்டு, மணலை மூடி, உடம்பால் தட்டி அமுக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. மோப்பம் பிடித்து வரும் நாய்களிடமிருந்து முட்டைகளைக் காப்பாற்ற மனிதர்கள்தான் வேண்டும்.

கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறுக்கு அருகே, கூழையாரில் வனத்துறையின் முட்டைப் பொரிப்பகம் இருக்கிறது. சென்னையிலோ இந்தக் காவலில் மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் 1970களில் தொடங்கிய இரவு நடையை, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு தொடர்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, அலை ஓரமாகவே ஏழு கிலோமீட்டர் நடக்கிறார்கள்.

கண்கள் தேடுவது மணலில் டிராக்டர் டயர் போலப் பதிந்த தடத்தை. தடம் முடியும் இடத்தில் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, பொலபொலவென்ற மணலைக் கையால் தோண்டி முட்டைகளை எடுக்கிறார்கள். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் புதைக்கிறார்கள். 45 நாள்களுக்குமேல் ஆகும், குஞ்சு பொரிக்க.

இடம், நேரம், முட்டைகளின் எண்ணிக்கை எல்லாம் நோட்டில் ஏறும். ஒன்றும் காணாத இரவும் ஏறும். செத்து ஒதுங்கிய ஆமைகளும் ஏறும். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. தினமும் நடந்து எண்ணியவர்கள் இருந்ததால்தான் அந்தக் கொடுமையின் அளவு தெரிந்தது. மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டிய பிராணி இது. இழுவலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை இருப்பதை அந்த எண்ணிக்கைதான் எல்லோருக்கும் நினைவூட்டியது. பசுமைத் தீர்ப்பாயமும் தானாக முன்வந்து விசாரித்தது.

அடுத்த தை மாதம் பூம்புகார் பக்கம் போகிறவர்கள், விடியற்காலையில் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். தடம் தெரிந்தால் குழியைக் கிளறாமல் வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும். இரவில் ஆமையைக் கண்டால் டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும். தெருவிளக்கைக் கடலென்று நம்பி ரோட்டுக்கு வந்துவிடும். சரியான திசையில் கடலுக்குள் இறங்கிய பெண் குஞ்சுகளில் பிழைத்தவை, வளர்ந்து பெரிதானதும் பிறந்த கரைப் பக்கமே முட்டையிட வரும்.