முட்டையை ஒதுக்கிய மாணவன்



சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பள்ளியின் துணை உணவுத் திட்டத்திற்கு நான் பொறுப்பாசிரியையாக இருந்தேன். நாசி லெமாக் வழங்கப்படும் நாளிலெல்லாம், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் முட்டையை மட்டும் ஒதுக்கிவிடுவான். காரணம் கேட்டால், "பிடிக்கல டீச்சர்" என்பான். உணவை வீணாக்கலாகாது என்ற எண்ணத்தில், ஒரு நாள் அவனருகில் அமர்ந்து முழுவதையும் உண்ணவைத்தேன்.

அரை மணி நேரத்திற்குள் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். கழுத்தெங்கும் தடிப்புகள் எழும்பின. மருத்துவமனையில் சிகிச்சை பெற்று நலமடைந்தான். அவனுடைய தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சின்னதுலேருந்தே முட்டையத் துப்பிடுவான் டீச்சர். அடம்னு நெனச்சு நானே அடிச்சிருக்கேன்" என்று கண்கலங்கினார். நான் தலைகுனிந்து நின்றேன்.

அதன் பின்னரே ஒவ்வாமை குறித்துத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நம் குடற்சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. அந்நரம்பு நுனிகளுக்கு மிக அருகிலேயே 'மாஸ்ட்' அணுக்கள் எனப்படும் நோய் எதிர்ப்பு அணுக்கள் காவல் இருக்கின்றன. 1878-ஆம் ஆண்டில் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றுக்குப் பெயரிட்டார். ஒவ்வாமை உடையவரின் மாஸ்ட் அணுக்களின்மேல் ஐ.ஜி.ஈ எனும் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். ஒவ்வாத புரதம் வந்து அதனைத் தொட்டவுடன், அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை அருகிலுள்ள நரம்புகளைத் தூண்டுவதால் வயிற்றுவலி, குமட்டல் முதலியன உண்டாகின்றன. நரம்புகளும் வாளாவிருப்பதில்லை, அவை சுரக்கும் பொருள்கள் மாஸ்ட் அணுக்களை மேலும் தூண்டவல்லவை.

2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினரும், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரிலுள்ள புற்றுநோய் ஆய்வு மையத்தினரும் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் என்னை வியக்கவைத்தன. முட்டை வெள்ளைக்கருப் புரதத்திற்கு ஒவ்வாமை ஏற்படுத்தப்பட்ட எலிகளுக்கு, வெறும் நீரும் அப்புரதம் கலந்த நீரும் அருகருகே வைக்கப்பட்டன. அவை புரதம் கலந்த நீரை விரைவிலேயே தவிர்த்தன. மாஸ்ட் அணுக்களோ ஐ.ஜி.ஈ எதிர்ப்பொருளோ இல்லாத எலிகள் அவ்வாறு தவிர்க்கவில்லை. அதாவது, குடலிலுள்ள எதிர்ப்பு அணுக்கள் தரும் செய்தி மூளையை எட்டி, 'இதனை உண்ணாதே' என்னும் வெறுப்பாக மாறுகிறது. அந்த வெறுப்பே உடலுக்குப் பாதுகாப்பு.

இதனைப் படித்தபோது அந்த மாணவனின் முகமே நினைவுக்கு வந்தது. நான் பிடிவாதம் என்று எண்ணியது, அவனுடைய உடல் அவனுக்குக் கற்பித்த பாடமாக இருந்திருக்கலாம்.

உணவை மறுக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒவ்வாமை உண்டு என்று நான் கூறவில்லை. நாமாகவே முடிவு செய்து உணவுகளை நிறுத்துவதும் தவறு. மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும். ஆனால், ஒரே உணவை மீண்டும் மீண்டும் மறுத்தால், அதனை உண்டபோது என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். உண்டபின் உதடு வீங்கினாலோ மூச்சுத்திணறினாலோ ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

தமிழாசிரியை என்ற முறையில் மற்றொன்றும் என்னை உறுத்துகிறது. அவனிடம் இருந்தது 'பிடிக்கல' என்னும் ஒரே சொல்தான். குமட்டல், அரிப்பு, எரிச்சல், தொண்டை இறுக்கம் ஆகிய சொற்களை நாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. இப்பொழுது இரண்டாம் ஆண்டு வகுப்பில் உடல் உறுப்புகளைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், இச்சொற்களையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு மாணவனையும் ஒரு வாக்கியம் சொல்லவைக்கிறேன்.